பிள்ளைகளுக்கு அறிவியல் வீடியோ: எங்கள் வீட்டு அனுபவம்

கொரோனா ஊரடங்கில் பள்ளிகளை மூடியபோது தொடங்கிய பழக்கம் இது. சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீடும் அண்ணன் வீடும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்காத வாண்டு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் மாலையில் ஒரே டிவி முன்னால்தான். இயற்கை, அறிவியல் வீடியோக்களைத் தேடிப்பிடித்துப் போடுவது என் பொறுப்பு. பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியானது ஒன்று: 'இத்தனை வயதுக்கு' என்று மேலே போட்டிருக்கும் குறிப்பை விட வீடியோவின் வேகம்தான் முக்கியம். ஒரு காட்சி எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒரு நிமிடத்தில் எத்தனை புதுச் சொற்கள் வருகின்றன என்று பாருங்கள்.

ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய செயலி ஒன்றில் சிறுவர் பகுதி முழுக்க ஆட்டமும் பாட்டும்தான். கண் சிமிட்டுவதற்குள் காட்சி மாறிவிடும். முடிந்ததும் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் குழந்தைக்குப் பாட்டு மட்டுமே நினைவிருக்கும். கூட்டுப்புழு வெடித்துப் பட்டாம்பூச்சி வெளியே வரும் நிதானமான ஒரு வீடியோவை, ஒலியை நிறுத்திவிட்டு நாங்களே கதை சொல்லிக் காட்டியபோது அதே குழந்தை அசையாமல் பார்த்தாள். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எங்களுக்கு அதில் கால்வாசியே போதுமானதாக இருக்கிறது.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு என் முதல் பரிந்துரை அரவிந்த் குப்தாவின் குறும்படங்கள். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பையில் போகும் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்து காட்டுவார். தமிழிலும் கிடைக்கின்றன, இலவசம். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி, அவ்வளவில் ஒரு மோட்டார். கம்பிக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டோம். துண்டுக் கம்பியைச் சும்மாவே கொடுத்தார்கள். கம்பிச் சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும்; மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் மின்சாரம் விடாமல் பாயும். அரைச் சுற்று கடந்ததும் காந்தம் சுருளைப் பின்னால் இழுக்கும், சுருள் ஊசலாடி நின்றுவிடும். எனாமல் இருக்கும் பக்கம் ஊக்கில் படும்போது மின்சாரம் அறுந்து, ஓடிய வேகத்திலேயே சுருள் மீதிச் சுற்றைக் கடந்துவிடுகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திச் செய்ததால்தான் இது பிள்ளைகளுக்குப் பிடிபட்டது.

வேகம் தவறான எண்ணத்தையும் விதைக்கும். பூச்சியைக் கவ்வி நொடிக்குள் மூடிக்கொள்ளும் வீனஸ் செடியின் வீடியோவைப் பார்த்திருந்த அண்ணன் மகன், ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்தில் குடுவைச் செடிக்கு முன்னால் நகராமல் நின்றான். "அத்தை, மூடி எப்போது மூடும்?" அது மூடாது. மழைநீர் நிறையாமல் காப்பதுதான் அதன் வேலை. விளிம்பில் வழுக்கி உள்ளே விழும் பூச்சி, அடியில் உள்ள திரவத்தில் மெல்ல மெல்லச் செரிக்கப்படுகிறது. பூச்சியுண்ணும் செடிகள் எல்லாவற்றையும் ஒரே இரண்டு நிமிடத்தில் அடுக்கிக் காட்டும் வீடியோக்களை அதன் பிறகு நான் போடுவதில்லை.

பெரிய வகுப்புக்கு, 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் நன்றாக உதவுகின்றன. பாடநூலில் உள்ள அதே கலைச்சொற்கள் என்பதால் தேர்வு நேரத்தில் குழப்பம் இல்லை. கூடவே கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அது வீடியோ இல்லை; அளவுகளை மாணவரே மாற்றி, என்ன ஆகிறது என்று திரையிலேயே பார்க்கும் பாவனைச் சோதனை (simulation). பல பாவனைகள் தமிழில் உண்டு.

எங்கள் ஊரைப் பற்றித்தான் பஞ்சம். சேர்வராயன் மலை உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் அடிவாரத்தில் மக்னீசியத் தாதுவான மாக்னசைட்டும் ஏன் கிடைக்கின்றன என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி நிதானமாகச் சொல்லும் தமிழ் வீடியோ இதுவரை எனக்கு அகப்படவில்லை. இந்தப் பக்கத்துப் புவியியல் ஆசிரியர் யாராவது மலைப்பாதையில் பாறையைத் தொட்டுக் காட்டி ஒன்று எடுத்தால், எங்கள் காம்பவுண்டில் முதல் ஆளாக நான் போட்டுக் காட்டுவேன்.