மூன்று கோடைக்குப் பணம் வாங்கும் நாற்றங்கால்: ஊத்தங்கரைப் பக்கத்து அனுபவம்

ஊத்தங்கரையை அடுத்த ஒரு சிற்றூரில் மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்தும் நாற்றங்காலில், 2023 ஆவணியில் ஐம்பது கன்றுகளுக்குப் பணம் கட்டினேன். ஊர்ப் புறம்போக்குக் கரட்டில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு, மூன்று கோடை கடக்கும்வரை காத்துக் கொடுப்பது இவர்கள் செய்யும் சேவை. கன்று ஒன்றுக்கு 450 ரூபாய். இரண்டு கோடைகளை நேரில் பார்த்துவிட்டதால், இனிப் பணம் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விலை அதிகம் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் இதற்கு முன் வேறோர் அமைப்பின் வழியாக ஏரிக்கரையில் நடுவதற்குக் குறைந்த விலையில் பணம் கொடுத்து, அடுத்த பங்குனியில் போய்ப் பார்த்தபோது, காய்ந்த குழிகளும் பெயர்ப்பலகையும் மட்டுமே அங்கே எஞ்சியிருந்தன. நட்டு, படம் எடுத்த அன்றே அந்தப் பணம் தீர்ந்துவிட்டிருக்கிறது. இங்கே பாதித் தொகையை நடும்போதும், கால் பங்கை முதல் கோடை முடிந்த பிறகும் வாங்குகிறார்கள். கடைசிக் கால் பங்கை, மூன்றாம் கோடைக்குப் பின் உயிரோடு நிற்கும் கன்றுகளை நம்மோடு சேர்ந்து எண்ணிய பிறகே கேட்பார்கள். களையெடுப்பு, பங்குனி, சித்திரையில் டிராக்டரில் கொண்டுபோகும் தண்ணீர், ஆடு கடிக்காமல் அடைக்கும் முள் என்று செலவின் பெரும்பகுதி நட்ட பிறகுதான் வருகிறது என்பதை இந்தக் கணக்குமுறை நேர்மையாகக் காட்டுகிறது. முள்ளுக்கும் வெளியே போவதில்லை. கரட்டில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி, அதன் கிளைகளையே கன்றைச் சுற்றி அடைத்திருக்கிறார்கள்.

நடவு நாளில் குழுவிலிருந்த மூத்த பெண் ஒருவர் ஒவ்வொரு பையையும் பிளேடால் கீறி, அடியில் சுருண்டிருந்த வேர்நுனியை நறுக்கிவிட்டுத்தான் குழியில் இறக்கினார். பைக்குள் வளைந்த வேர் மண்ணிலும் வளைந்தே ஓடும், மரம் பெரிதானபின் காற்றுக்குச் சாயும் என்று அவர் சொன்னதை, நூறு நடவு விழாக்களில் ஒன்றிலும் நான் கேட்டதில்லை. வெப்பாலை, உசிலை, புங்கன், ஆச்சா ஆகியவற்றை நட்டார்கள். இடையில் இயல்பாக நின்ற ஆவாரையையும் காரைச்செடியையும் புல்லையும் தொடவில்லை. மேய்ச்சலுக்கு இடம் விட்டிருப்பதால் ஆடு ஓட்டுகிறவர்களும் பகையாகவில்லை.

ஓராண்டு கழித்தும் ஆச்சா ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாததைப் பார்த்து, ஏமாந்துவிட்டோமோ என்று கேட்டேவிட்டேன். "மேலே பாக்காதீங்க சார், அது இப்ப கீழே போய்க்கிட்டிருக்கு" என்றார் அந்தப் பெண். உண்மைதான், முதல் சில ஆண்டுகளில் ஆணிவேரை ஆழமாக இறக்கிவிட்டு அதன் பிறகே தண்டை வளர்ப்பது அம்மரத்தின் இயல்பு. 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்ததுபோல் இன்னொரு வறட்சி வந்தால், இந்தக் கரட்டில் தாக்குப்பிடிக்கப் போவது அத்தகைய வேர்தான்.

அதற்கு நேர்மாறான சோதனை 2024 டிசம்பரில் வந்தது. ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, இந்தப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. ஒவ்வொரு கன்றுக்கும் சரிவின் கீழ்ப்புறம் பிறை வடிவில் போட்டிருந்த வரப்புகளில் பல உடைந்து, என் கணக்கில் ஐந்து கன்றுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் புல்லும் ஆவாரையும் இருந்த இடங்களில் மண் நின்றது. வண்டித்தடம் போட்டு வெறுமையாக்கிய ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிட்டது. முதல் கோடையில் பட்டுப்போன ஒன்பதையும் இந்த ஐந்தையும் கூடுதல் பணம் கேட்காமல் மறுநடவு செய்து கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவதாகச் சொன்ன படங்கள் எனக்கு இருமுறை கேட்ட பிறகே வந்தன. முதல் பட்டியலில் குல்மொகர் எனப்படும் செம்மயில்கொன்றை இருந்தது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அழகுமரத்துக்கு இந்த வேலையில் இடமில்லை என்று எடுத்துச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள் என்றாலும், நாட்டு மரம் என்று சொல்லி விற்பவர்கள் அதைத் தாங்களே கவனித்திருக்க வேண்டும். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவும் ரசீதை (80ஜி ரசீது என்பார்கள்) இவர்களால் தர முடியாது.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நிதியில் ஒரு பணியைத் தொடங்கிய ஆண்டுக்குப் பிறகும் மூன்று நிதியாண்டுகள்வரை நீட்டிக்க விதிகளில் இடமிருக்கிறது. மார்ச் மாதத்துக்குள் செலவைக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கோடை வாசலில் கன்று நட வேண்டியதில்லை.

பணம் கட்டுவதானால் தைக்குள் சொல்லிவிடுங்கள். விதை சேகரிப்பதும் பை நிரப்புவதும் அப்போதுதான் தொடங்குகின்றன. அடுத்த நடவுக்கு இருபது கன்றுகளுக்கு நான் முன்பணம் கொடுத்துவிட்டேன், பாதி ஆச்சாவாக இருக்கட்டும் என்ற வேண்டுகோளோடு.