25 கிராம் கடற்பறவைக்கு எந்தக் கருவி? ஒளிப்பதிவி, ஜிபிஎஸ், செயற்கைக்கோள்: ஓர் ஒப்பீடு

ஸ்டார்ம் பெட்ரலைத் துணிப்பைக்குள் விட்டு ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு, பையின் எடையைக் கழித்தால் 25 கிராம் தேறும், மிஞ்சினால் 26 அல்லது 27. சிட்டுக்குருவியின் எடை அவ்வளவுதான். இந்தப் பறவை வட அட்லாண்டிக் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனைக் கடல்வரை போய்த் திரும்புகிறது. எந்த வழியில் போகிறது, எங்கே தங்குகிறது என்று தெரிந்துகொள்ள மூன்று வகைக் கருவிகள் உண்டு. நாங்கள் எடுத்தது ஒளிப்பதிவி, அதாவது வெளிச்சத்தைக் குறித்துவைத்து இருப்பிடத்தைக் கணிக்க உதவும் ஜியோலொகேட்டர். இன்று மறுபடி கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எடைக் கணக்கு. பறவையின் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் வரம்பு. ஆல்பட்ராஸ், பெட்ரல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த அளவுக்கு மேல் போனால் பாதிப்பு கூடுவது தெரிந்தது. 25 கிராமில் 3 விழுக்காடு முக்கால் கிராம். கருவி மட்டுமல்ல, வளையம், பசை, கட்டும் நூல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பசையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இந்த வரம்பிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர்களில் மிகச் சிறியவையே சுமார் 2 கிராம். 67 கிராமுக்குக் குறைந்த பறவைக்கு அது ஆகாது. ஜிபிஎஸ் லாகர் ஏறத்தாழ 1 கிராம், நம் பறவைக்கு அது 4 விழுக்காடு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாண்டின் மூசா தீவில் ஸ்டார்ம் பெட்ரல்கள் இரை தேடிப் போகும் இடங்களை ஜிபிஎஸ் வைத்தே பார்த்தார்கள். ஆனால் அது கூட்டுக்கும் கடலுக்கும் இடையே சில நாள் ஓட்டம். வால் சிறகில் டேப் ஒட்டி, சில நாளில் எடுத்துவிடலாம். ஓராண்டு வலசைக்கு அந்த வழி உதவாது. சிறகு உதிரும்போது கருவியும் கடலில் போய்விடும். பேட்டரியும் அத்தனை நாள் தாங்காது.

ஒளிப்பதிவியில் அரை கிராமுக்குக் குறைந்தவையும் கிடைக்கின்றன. அது செய்வது ஒரே காரியம்: சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தின் அளவை நேரத்தோடு குறித்துவைக்கும். சூரியன் எழுந்த நேரமும் விழுந்த நேரமும் தெரிந்தால் போதும். இரண்டுக்கும் நடுவே வரும் உச்சிப்பொழுது தீர்க்கரேகையைக் காட்டும், 4 நிமிடம் தள்ளினால் ஒரு பாகை. பகலின் நீளம் அட்சரேகையைக் காட்டும். கணினியில் விரித்தால் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய கோடு, பகல் வெளுப்பாகவும் இரவு கறுப்பாகவும். பறவை மேற்கே போகப் போகக் கறுப்புப் பட்டை ஒருபக்கம் சாயும். தெற்கே கோடைப் பகுதிக்குள் இறங்கினால் பட்டை ஒடுங்கும். வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமலே, அந்தப் பட்டையைப் பார்த்துப் பயணத்தைப் படித்துவிடலாம். முதல் தடவை அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் உலகம் முழுவதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், அட்சரேகை கிடைக்காது. பல பறவைகள் கடலைக் கடப்பதே அந்த நாட்களில்தான். தீர்க்கரேகை அப்போதும் கிடைக்கும் என்பது ஆறுதல். இருள் முழுமையாக விழாத துருவக் கோடையில் இரண்டுமே கிடைக்காது. கருவி காலில் இருப்பதால், பறவை அந்தக் காலை வயிற்றுச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாலும், பகலில் பொந்துக்குள் இருந்தாலும் கருவி இருட்டென்று எழுதிவிடும். நல்லவேளையாக, நாம் தேடும் மாதங்களில் பறவை பொந்தில் இல்லை, கடலில் இருக்கிறது. பல ஒளிப்பதிவிகளில் உப்புநீர் படுகிறதா இல்லையா என்று குறிக்கும் முனைகளும் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை மணி நேரம் நீரில் அமர்ந்தது என்பதை ஜிபிஎஸ் புள்ளிகளைவிட இது நேராகச் சொல்கிறது.

துல்லியத்தைக் கேட்பார்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் பிழையில் சொல்லும். ஒளிப்பதிவியை ஆல்பட்ராஸ்களில் சோதித்தபோது சராசரிப் பிழை 186 கி.மீ. என்று 2004இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கூட்டைச் சுற்றிய மேய்ச்சலுக்கு இது பயனற்றது. பெருங்கடலைத் தாண்டும் பயணத்துக்குத் தாராளம். 2010இல் வெளியான ஆர்க்டிக் ஆலா (டெர்ன்) ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் கூடு கட்டிய 11 பறவைகள், 1.4 கிராம் கருவி. ஆண்டுக்குச் சராசரியாக 70,900 கி.மீ. பறப்பதும், தெற்கே போகும் வழியில் வட அட்லாண்டிக் நடுவே வாரக்கணக்கில் தங்குவதும், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் சில பறவைகள் ஆப்பிரிக்கக் கரையையும் சில பிரேசில் கரையையும் பிடித்துப் போவதும் அந்த 186 கி.மீ. பிழைக் கருவியிலிருந்துதான் தெரியவந்தன.

இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒன்றுக்கு வருகிறேன்: பறவையை மறுபடி பிடிப்பது. ஒளிப்பதிவி எதையும் அனுப்பாது. ஓராண்டு கழித்து அதே பறவை கைக்கு வந்தால்தான் தகவல். செயற்கைக்கோள் ஆதரவாளர்கள் முதலில் வைக்கும் வாதம் இதுதான், நியாயமானதும்கூட. ஆனால் மறுபடி பிடிப்பது அதிர்ஷ்டத்தில் இல்லை, எந்தப் பறவைக்கு மாட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

எங்கள் முதல் பருவத்தில் இதைத் தவறாகச் செய்தோம். இரவில் பெட்ரலின் குரலை ஒலிக்கவிட்டு, வலைக்கு வந்த பறவைகளுக்குக் கருவி மாட்டினோம். எளிதாகக் கிடைத்தன. அடுத்த ஆண்டு ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. குரல் கேட்டு வலையில் விழுபவற்றில் பெரும்பாலானவை இன்னும் கூடு பிடிக்காத இளம் பறவைகள். இன்று இந்தத் தீவு, நாளை இன்னொன்று என்று அலைபவை. அவற்றைத் தேடி எங்கே போவது?

அதன்பின் பொந்திலிருந்து மட்டுமே எடுக்கிறோம். ஸ்டார்ம் பெட்ரல் பெரும்பாலும் போன ஆண்டின் பொந்துக்கே, போன ஆண்டின் துணையிடமே வரும். முந்தைய ஆண்டில் குஞ்சை வெற்றிகரமாக வளர்த்த, வளையமிட்ட இணைகளை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம். முட்டையின்மேல் இருக்கும்போது தொடுவதில்லை, தொட்டால் முட்டையைக் கைவிட்டுப் போய்விடும். குஞ்சு வந்து, பெற்றோர் இரவில் இரை கொண்டுவரும் நாட்களில்தான் மாட்டுகிறோம், கழற்றுவதும் அப்போதுதான். குறுகிய பொந்துகளில் முதலில் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை. அப்போதும் வாயிலிருந்து எண்ணெயை உமிழும். சட்டைக் கையில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் அந்த நெடி போகாது. மூடி திறக்கும் மரப்பெட்டிகளைக் கற்களுக்கிடையே வைத்தால் சில இணைகள் அதிலேயே குடியேறிவிடுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் கருவிக்கு முன் பெட்டிக்குச் செலவிடலாம்.

ஆலாக்களிடம் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. எதிரி விலங்கு வந்துவிட்டால் கூட்டம் முழுவதுமே வேறு தீவுக்கு மாறிவிடும். அங்கே எனக்கு நேரடி அனுபவம் குறைவு. கூட்டின்மேல் வைக்கும் பொறியில் ஒருமுறை சிக்கிய ஆலா மறுமுறை எளிதில் ஏமாறாது என்று அதில் பழகியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குறைவாகத் திரும்பினாலும் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஷெட்லாண்டின் ஃபெட்லார் தீவில் கூடு கட்டும் செங்கழுத்து ஃபாலரோப் என்ற சிறு நீர்ப்பறவையே போதும். 36 கிராம் பறவை. 2012இல் 10 பறவைகளுக்கு 0.6 கிராம் கருவி மாட்டினார்கள், மறு ஆண்டு ஒன்றே ஒன்றிடமிருந்து மீட்டார்கள். ஸ்காண்டிநேவியப் பறவைகளோடு அரபிக்கடலுக்குப் போகும் என்று நினைத்திருந்த பறவை, அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியன் வழியாக ஈக்வடார், பெரு கரைக்கு அப்பாலுள்ள பசிபிக்கில் குளிர்காலத்தைக் கழித்திருந்தது. பிறகு மேலும் பல பறவைகளில் மாட்டியபோது, ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, கிரீன்லாந்துப் பறவைகள் பசிபிக்குக்கும் ஸ்காண்டிநேவியப் பறவைகள் அரபிக்கடலுக்கும் பிரிந்து போவது உறுதியானது.

செயற்கைக்கோளுக்கு ஒரு விஷயத்தில் நான் முழுமையாக வழிவிடுகிறேன். ஒளிப்பதிவி, பிழைத்துத் திரும்பியவற்றின் பயணத்தை மட்டுமே காட்டும். வழியில் இறந்தது எங்கே இறந்தது என்று செயற்கைக்கோள் கருவியால்தான் சொல்ல முடியும். ஒரு இனம் ஏன் குறைகிறது என்பதே கேள்வியானால், 100 கிராமைத் தாண்டிய பறவைக்கு அதைத்தான் யோசிப்பேன். அதிலும் முதுகில் வார் கட்டிய பறவை நீரில் பாய்ந்து மூழ்கும்போது என்ன ஆகிறது என்பதை முதலில் சிலவற்றில் பார்த்துவிட்டே மேலே போவேன். விண்வெளி நிலையத்தை நம்பி விலங்குகளைப் பின்தொடர்ந்த இக்காரஸ் திட்டம் 2022 மார்ச்சில் ரஷ்ய ஒத்துழைப்பு முறிந்ததும் நின்றுபோனதையும் மறக்கக் கூடாது. மோட்டஸ் போன்ற தரை ஆன்டெனா வலையமைப்புகளுக்கான ரேடியோ குறிகள் எடையில் மிகச் சிறியவை, கரையோரம் ஆன்டெனா உள்ள இடங்களில் அருமையாக வேலை செய்யும். நடுக்கடலில் கேட்க ஆளில்லை.

கருவி மாட்டும் ஒவ்வொரு பொந்துக்கும் இணையாக, வளையம் மட்டும் போட்ட ஒரு பொந்தையும் கணக்கில் வைத்திருக்கிறோம். இரண்டிலும் எத்தனை திரும்புகின்றன, குஞ்சுகள் எப்படித் தேறுகின்றன என்று ஒப்பிட அது வேண்டும். எங்கள் பறவைகளில் இதுவரை வேறுபாடு கண்ணில் படவில்லை, ஆனால் எண்ணிக்கை சிறியது. இவை கால்களால் நீர்ப்பரப்பைத் தட்டித் தட்டி இரையெடுக்கும் பறவைகள் என்பதால் காலில் மாட்டுவதைப் பற்றிய கவலை எனக்கு இன்னும் உண்டு. முதுகுத் தோலில் தையலிட்டு மாட்டுவோரும் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ததில்லை.

போன பருவத்தில் கடைசியாகக் கழற்றிய பறவையின் காலைத் தலைவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தோல் தேயவில்லை, வீக்கமில்லை. பையில் விட்டுத் தராசில் தொங்கவிட்டேன்: 26. போன ஆண்டுக் குறிப்பிலும் 26 என்றே இருந்தது. பொந்தின் வாயில் வைத்ததும் கணுக்காலை ஊன்றித் தவழ்ந்தபடி இருட்டுக்குள் போனது. உள்ளே குஞ்சு கத்தத் தொடங்கியது.