5 மில்லிசெகண்ட் காத்திருக்க: டிக், பிசி-வெயிட், நானோசெகண்ட்

"5 மில்லிசெகண்ட் பார், சாதனம் பதில் தராவிட்டால் விட்டுவிடு." சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுபவர், இயக்குதளத்தின் மையமான கெர்னலிடம் இதைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு.

பழைய வழி டிக் கணக்கு. டிக் என்பது கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு. நொடிக்கு 100 டிக் என்றால் ஒரு டிக் 10 மில்லிசெகண்ட். 5-ஐ 100-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால், முழு எண் கணக்கில் விடை 0. யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி கெர்னல்களில் தூங்க வைக்கும் ஃபங்ஷனான டீஸ்லீப்பிடம் (tsleep) 0 கொடுத்தால் 'கால வரம்பே இல்லை' என்று பொருள். 5 மில்லிசெகண்டில் விழிக்க வேண்டிய த்ரெட் (நிரலின் ஓர் ஓட்டம்), யாராவது எழுப்பும் வரை தூங்கும். சாதனம் செத்திருந்தால் எழுப்ப ஆளே இல்லை. நொடிக்கு 1000 டிக் உள்ள கெர்னலில் இதே கோட் ஒழுங்காக ஓடும் என்பதால் சோதனையில் மாட்டுவதும் அரிது.

சரி, மேல்நோக்கி முழுமையாக்கி 1 டிக் கொடுக்கலாமா? அதுவும் போதாது. அடுத்த டிக் 0.1 மில்லிசெகண்டிலேயே வந்துவிடலாம். நன்றாக இருக்கும் சாதனத்தைப் பழுது என்று ஒதுக்கிவிடுவோம். இன்னொரு டிக் கூட்டினால்தான் குறைந்தபட்ச நேரம் உறுதி. விலை, 10 முதல் 20 மில்லிசெகண்ட் வரை தாமதம். டைம்அவுட்டுக்கு அது பரவாயில்லை. சுற்றுக்குச் சுற்று அப்படித் தூங்கி, சாதனம் தன் நிலையை எழுதி வைக்கும் ரெஜிஸ்டரைப் படித்தால்தான் டிரைவர் ஊர்ந்து போகும்.

இரண்டாவது வழி பிசி-வெயிட். அதாவது லினக்ஸின் யூடிலே (udelay), சிபியுவை விடாமல் சுழன்றபடி நேரத்தைக் கடத்தும். ஸ்பின்லாக் (சுழன்றபடி காத்திருந்து பிடிக்கும் பூட்டு) பிடித்திருக்கையிலும், சாதனத்தின் குறுக்கீட்டைக் கவனிக்கும் இன்டரப்ட் ஹேண்ட்லரிலும் தூங்க முடியாது. அங்கே இதுதான் கதி. 10 மைக்ரோசெகண்டுக்குள் இதற்கு நிகரில்லை. 5 மில்லிசெகண்டுக்கோ 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் 1.5 கோடி சுழற்சி வீண்.

என் தேர்வு மூன்றாவது: டிக்கில் அல்லாமல் மைக்ரோசெகண்ட், நானோசெகண்ட் என்று நேர அலகிலேயே கேட்டுத் தூங்குவது. லினக்ஸில் 2010 முதல் இருக்கும் யூஸ்லீப்_ரேஞ்ச் (usleep_range), உயர் துல்லிய டைமரில் ஓடுகிறது. கீழ் வரம்பும் மேல் வரம்பும் தருவதால், அருகருகே வரும் விழிப்புகளைக் கெர்னல் சேர்த்துக்கொள்ளலாம். ஓபன்பிஎஸ்டியில் நானோசெகண்டில் நேரம் கேட்கும் டீஸ்லீப்_என்செக் (tsleep_nsec) வந்தபோது உள்ளே டிக்கில்தான் எண்ணியது, துல்லியம் கூடவில்லை. ஆனாலும் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்: நேரத்தை டிக்காக மாற்றும் கணக்கு ஒரே இடத்தில் சரியாக நடக்கிறது, முடிவில்லாத் தூக்கத்துக்குத் தனி மாறிலி இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும், நேரம் தீர்ந்ததும் ரெஜிஸ்டரை இன்னொரு முறை படித்துவிட்டே பிழை சொல்லுங்கள். கடைசியாகப் படித்ததற்கும் கடிகாரத்தைப் பார்த்ததற்கும் நடுவே யாருக்கு எப்போது சிபியு என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் நம்மை ஓரங்கட்டியிருக்கலாம். அதற்குள் சாதனம் பதில் எழுதி முடித்திருக்கக்கூடும்.