நவதிருப்பதி ஒரே நாளில்: சிறப்புப் பஸ்ஸா, வாடகைக் காரா, மாறி மாறி ரூட் பஸ்ஸா?

புரட்டாசி நெருங்கினால் திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஸ்ரீவைகுண்டம் தொடங்கி ஆழ்வார்திருநகரி வரைக்கும் தாமிரபரணியின் இரு கரையிலும் இருக்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் பார்க்க எதில் போவது? போன புரட்டாசியில் வெளியூரிலிருந்து வந்திருந்த மதினியையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விடுகிற சிறப்புப் பஸ்ஸில் போய்வந்தேன். அதற்கு முன்பு வாடகைக் காரிலும் போயிருக்கிறேன், கல்லூரிக் காலத்தில் பஸ் மாறி மாறியும் அலைந்திருக்கிறேன். மூன்றையும் வைத்துப் பார்த்தால், சனிக்கிழமை கிடைக்கிறவர்களுக்குச் சிறப்புப் பஸ்தான் என்பது என் முடிவு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, இரட்டைத் திருப்பதி, பெருங்குளம். தென்கரையில் தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. ஊர் எட்டுதான். இரட்டைத் திருப்பதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோயில், அதனால் ஒன்பது. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசக் கணக்கில் அந்த இரண்டையும் தொலைவில்லிமங்கலம் என்று ஒன்றாகவே சேர்ப்பார்கள். நெல்லையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் 30 கிலோமீட்டர் சுமார். அதற்கு அப்புறம் கோயிலுக்குக் கோயில் தூரம் மிகக் குறைவு, நத்தமும் திருப்புளியங்குடியும் கூப்பிடு தூரம்தான். ஆக இந்தப் பயணத்தில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

பணமும் பெரிய பிரச்சினை இல்லை. சிறப்புப் பஸ்ஸில் தலைக்கு 500 ரூபாயை ஒட்டி வாங்குகிறார்கள். வருசத்துக்கு வருசம் மாறும், டிப்போவில் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து பேராகக் கார் பிடித்தால் வாடகை, டிரைவர் படி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் வரும். ஒருவர் இருவர் என்றால் பஸ் நிச்சயம் லாபம். ரூட் பஸ் மூன்றிலும் மலிவு, அதில் பேச்சே இல்லை.

எல்லாவற்றையும் முடிவு செய்வது நடை சாத்தும் நேரம். கார் பேசும்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏசி உண்டா என்றுதான் கேட்கிறோம். உண்மையில் கேட்க வேண்டியது, பன்னிரண்டு மணிக்குள் எத்தனை கோயில் முடியும் என்பதை. இந்தக் கோயில்களில் பெரும்பாலும் காலையில் திறந்து நண்பகலை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்கச் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிடும். ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் பெரிய கோயில்கள், பட்டர்கள் பலர் இருப்பார்கள், எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. இரட்டைத் திருப்பதி அப்படி இல்லை. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இடம். சுற்றுவட்டாரத்தில் காத்திருக்க ஒரு டீக்கடை தேடினாலும் சிரமம். அங்கே நடை சாத்திய பிறகு போய் நின்றால் அந்த நாளின் திட்டமே குலைந்துபோகும்.

இங்கேதான் சிறப்புப் பஸ் ஜெயிக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணி வாக்கில் நெல்லைப் புதிய பஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. டிரைவரும் கண்டக்டரும் வாராவாரம் அதே பாதையில் போகிறவர்கள். எந்தக் கோயிலில் வரிசை நீளும், எங்கே பத்து நிமிடத்தில் முடியும், எந்தத் தெருவில் பஸ்ஸைத் திருப்ப முடியாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதைவிட முக்கியம், கோயில்காரர்களுக்கும் அந்த பஸ் தெரியும். ஐம்பது பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் சன்னதியில் ஆள் இருக்கிறார். தனிக் காரில் போகிற நான்கு பேருக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

நாங்கள் போன அன்று ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கும்போதே கண்டக்டர் வாசல்படியில் நின்றபடி சொன்னார்: "யம்மா, மண்டபத்துச் சிலையெல்லாம் சாயங்காலம் பாத்துக்கிடலாம்னு நெனைக்காதீங்க, திரும்ப இங்க வரமாட்டோம். முதல்ல கள்ளபிரானைச் சேவிச்சிட்டு, மிச்ச நேரத்துல பாருங்க." சேவித்து முடித்ததும் திருவேங்கடமுடையான் மண்டபத்து யாளிகளைப் பார்க்க எங்களுக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. போதாதுதான். ஆனால் காரில் போனபோது இதே மண்டபத்தில் எல்லோரும் ஆசை தீர நின்றதில், வடகரையின் கடைசிக் கோயிலில் திரைதான் பார்த்தோம். விருப்பப்பட்ட இடத்தில் நிற்கலாம் என்பது காரின் பெரிய சௌகரியம். அந்தச் சௌகரியமே பன்னிரண்டு மணிக்குள் நம்மைக் கவிழ்த்தும் விடும்.

திருப்புளியங்குடியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பெருமாள் பள்ளிகொண்ட கோலம். உள்ளே நின்றால் திருமுகமும் திருமேனியும் தெரியும், பாதம் தெரியாது. பாதத்தைச் சேவிக்க வெளியே வந்து, பிராகாரத்தைச் சுற்றிப் போய், சுவரில் இருக்கிற சிறிய ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். அத்தை ஜன்னல் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, உள்ளிருட்டு கண்ணுக்குப் பழகும் வரை நின்று, அப்புறம்தான் கைகூப்பினார். பின்னால் பஸ் கூட்டம் முழுக்க வரிசையில் நின்றது. அவசரப்படுத்தியவர் யாரும் இல்லை, இருந்தாலும் பின்னால் ஆள் நிற்கிறது என்ற உணர்வு இருக்கத்தான் செய்யும். கூட்டமாகப் போவதன் குறை இதுதான், காரில் போனால் இந்த இடத்தில் நிதானம் கிடைக்கும். விவரம் தெரியாமல் வருகிறவர்கள் ஜன்னலைப் பார்க்காமலே திரும்பிவிடுவதும் உண்டு. பஸ்ஸில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்.

காருக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதையும் கோயிலுக்கு ஒரு கிரகமாக நவக்கிரகத் தலமாக நினைத்து வருகிறவர்கள் சூரியன், சந்திரன், செவ்வாய் என்று கிழமை வரிசையில் போக ஆசைப்படுவார்கள். அப்படிப் போனால் ஸ்ரீவைகுண்டம், நத்தம், பிறகு ஆற்றைக் கடந்து திருக்கோளூர், மறுபடி கடந்து திருப்புளியங்குடி, திரும்பவும் தென்கரைக்கு ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, கடைசியாக வடகரையில் பெருங்குளம், இரட்டைத் திருப்பதி. இத்தனை தடவை ஆற்றைக் கடக்க பஸ் ஒத்துவராது, கார்தான் வேண்டும். ஆனால் இந்த வரிசையில் போனால் நண்பகலுக்குள் பாதியைத் தாண்டுவதே கஷ்டம், இரட்டைத் திருப்பதி கடைசியில் போய் நிற்கும். வடகரையை முதலில் முடித்துவிட்டுத் தென்கரைக்கு வருவதுதான் நடைமுறைக்குச் சரி.

முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், சனிக்கிழமை லீவு கிடைக்காதவர்கள் காரிலேயே போங்கள். டிரைவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் ஏரல் பாலத்தையும் இந்த வட்டாரத்துச் சாலைகளையும் புரட்டிப்போட்டது. எந்த வழி இப்போது நல்லாயிருக்கிறது என்பது போனில் இருக்கிற மேப்பைவிட ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்குத்தான் தெரியும்.

சரி, ரூட் பஸ். ஒரே நாளில் ஒன்பதையும் ரூட் பஸ்ஸில் முடிக்க நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு நாளாகப் பிரித்தால் அருமையான பயணம். தென்கரை மூன்றும் திருச்செந்தூர் ரோட்டு வழியில் இருப்பவை. ஆழ்வார்திருநகரியும் தென்திருப்பேரையும் மெயின் ரோட்டிலேயே இறங்கலாம், திருக்கோளூர் கொஞ்சம் உள்ளே, ஆட்டோவில் போய்விடலாம். திருச்செந்தூர் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. இடைநில்லாப் பஸ்ஸில் ஏறிவிடாமல் கண்டக்டரிடம் கேட்டு ஏறினால் போதும். வடகரைக்கு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு ஆட்டோவை மற்ற நான்கு ஊருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். திருச்செந்தூர் ரயிலிலும் வரலாம், ஆனால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது, கோயில் அக்கரையில். ரயில் நேரம் நடை நேரத்தோடு பொருந்தினால் ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் ரயிலில் போவது சுகம்.

ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் போதாது. நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளி என்ற புளியமரத்தின் அடியில் உட்கார வேண்டும், ஆதிநாதரைச் சேவிக்க வேண்டும், ஆழ்வார் சன்னதியில் நிற்க வேண்டும். சிறப்புப் பஸ்ஸில் தென்கரைக்கு வரும்போது எல்லோருக்கும் கால் ஓய்ந்திருக்கும். அதனால் பஸ்ஸில் ஒருமுறை ஒன்பதையும் பார்த்துவிட்டு, ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் இன்னொரு நாள் தனியாக வாருங்கள் என்று சொல்வேன். முடிந்தால் வைகாசியில், ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் அங்கே எழுந்தருளும் சேவைக்கு.

மார்கழியில் இதே மாதிரி ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்துக்கும் சிறப்புப் பஸ் விடுகிறார்கள், அதில் நான் போனதில்லை. பாபநாசத்திலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரை, மலையடிவாரத்திலிருந்து ஆறு கடலைச் சேரும் பக்கம் வரை நீண்டு கிடக்கிற தலங்கள் அவை. தூரம் இதைவிட மிக அதிகம் என்பதால் அங்கே கார், பஸ் கணக்கு வேறு மாதிரி வரலாம். போய்வந்த உறவுக்காரர்கள் பஸ்ஸையே சொல்கிறார்கள்.

சிறப்புப் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. எங்கள் பஸ்ஸில் கடைசி நேரத்தில் வந்த குடும்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை. முன்பக்க இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், எட்டு ஊரிலும் ஏறி இறங்க வேண்டும் என்பதால் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு தண்ணீர் பாட்டிலும், காலில் போட எளிதாகக் கழற்றி மாட்டும் செருப்பும் மறக்க வேண்டாம்.