ரஸ்ஸலா, பிராக்டனா?

2019 ஜூலையில், இவர்களில் யாரை வாங்குவது லாபம் என்பதற்காக நானும் என் அறைத்தோழனும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் சந்தையில் அன்று பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ‘கார்டு’ (guard) இருவர்: 23 வயது டி'ஆஞ்சலோ ரஸ்ஸல், 26 வயது மால்கம் பிராக்டன். அவன் பிராக்டன் பக்கம், நான் ரஸ்ஸல் பக்கம். இன்றும் அங்கேதான்.

பிராக்டனுக்காக வாதாடவே வேண்டியதில்லை. அப்போது முடிந்திருந்த சீசனில் மொத்த வீச்சில் 50, மூன்று புள்ளி வீச்சில் 40, ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சான ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதம் என மூன்றையும் தாண்டியவர். தடுப்பாட்டமும் உண்டு. நான்கு ஆண்டுக்கு 8.5 கோடி டாலர் பேசி இண்டியானா அணி கூட்டிப்போனது. அடிக்கடி காயம்படுவதுதான் உறுத்தல். அவர் ஆட்டத்தை நான் அதிகம் பார்த்தவனில்லை. இதற்கு மேல் சொன்னால் கேள்விஞானம்தான்.

ரஸ்ஸலின் குறையைத் தேட வேண்டாம், தானே தெரியும். தடுப்பவரை முதுகில் ஒட்டவைத்தபடி நிதானமாக உள்ளே வருவார். ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டியதும் நின்று, இடது கையால் பந்தைப் பூப்போலத் தூக்கிவிடுவார். பார்க்க அழகு. ஆனால் மோதி உள்ளே புகாதவருக்கு ஃபவுல் எங்கிருந்து கிடைக்கும்? ஆட்டத்துக்கு 21 புள்ளி எடுத்த அந்த ஆண்டிலும் ஃப்ரீ த்ரோ மூன்றுகூடத் தேறவில்லை. தடுப்பாட்டமா? விடுங்கள்.

அப்புறம் எதற்கு கோல்டன் ஸ்டேட் அணி அவருக்கு 11.7 கோடி டாலர் பேசியது? மறுவிற்பனைக்கு. ஓர் அணி மொத்தமாகத் தரும் சம்பளத்துக்கு என்.பி.ஏ. வைத்த வரம்புக்கு அது ஏற்கெனவே மேலே. அதன் நட்சத்திரம் கெவின் டுரான்ட் சும்மா கிளம்பிப் போனால் அந்தப் பெரிய சம்பளத்துக்கான இடமும் போச்சு. வெளியிலிருந்து யாரையும் அந்த விலைக்கு எடுக்க முடியாது. அவர் புரூக்ளின் போகும் பேரத்திலேயே ரஸ்ஸலை வாங்கியதால் இடம் தங்கியது. வரம்பு மீறிய அணி பெரிய சம்பளக்காரரை வாங்க, ஏறக்குறைய அதே சம்பளத்தை அனுப்பியாக வேண்டும். அனுப்ப ரஸ்ஸல் இருந்தார். 23 வயதுக்காரன் என்றால் 'இன்னும் தேறிடுவான்' என்று நம்பி வாங்க ஓர் அணி எப்போதும் இருக்கும். 33 ஆட்டம் ஆடினார். 2020 பிப்ரவரியில் மினசோட்டாவுக்கு அனுப்பி, ஆண்ட்ரூ விக்கின்ஸையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் (புது ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும்போது முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) வாங்கினார்கள். விக்கின்ஸ் இல்லாமல் 2022 கோப்பை இல்லை. அந்தத் தேர்வில் ஜோனதன் குமிங்கா வந்தார்.

சும்மா கிடைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ரஸ்ஸலை எடுக்கச் சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட, தங்கள் ஆட்டக்காரர் ஆண்ட்ரே இகுவடாலாவோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்து மெம்ஃபிஸுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிராக்டனை 2022இல் பாஸ்டனுக்கு விற்ற இண்டியானாவுக்கும் நஷ்டமில்லை. பதிலுக்கு வந்த ஆரன் நெஸ்மித் 2025 இறுதிச் சுற்று வரை ஆடினார். நண்பன் இந்த நெஸ்மித்தைச் சொல்லித்தான் இப்போதும் என் வாயை அடைக்கப் பார்க்கிறான். விற்க மூன்று வருடம் ஆனதே என்றால் பேச்சை மாற்றிவிடுகிறான்.