ஏழு வசனங்களுக்கு நான்கு சனிக்கிழமைகள்: ஒரு விளக்க வகுப்பு பற்றி

நாங்கள் சேலத்தில் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்கள். அத்தா (அப்பா) தொடங்கிய கடை, இப்போது தம்பியும் நானும் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்குத் தேக்சா, ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அண்டா, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் கூழ் காய்ச்சப் பெரிய கொப்பரை என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று படியிறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரு மதரஸாவில் குர்ஆனின் ‘மாஊன்’ அத்தியாயத்துக்கு மட்டும் நான்கு வார வகுப்பு என்று வெள்ளிக்கிழமை அறிவித்தார்கள். ஆறு வயதில் மனப்பாடம் செய்த அத்தியாயம். தொழுகையில் எத்தனை ஆயிரம் முறை ஓதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அரை நிமிடத்தில் ஓதி முடிக்கும் ஏழு வசனங்களுக்கு ஒரு மாதமா என்ற யோசனையோடுதான் போனேன். நான்கு வாரமும் விடாமல் போய் வந்தபிறகு இதை எழுதுகிறேன். இப்படி ஒரு வகுப்பு உங்கள் பகுதியில் நடந்தால் கட்டாயம் போங்கள்.

சனிக்கிழமை மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு வகுப்பு. கட்டணம் இல்லை. விளக்கத் தாளுக்கு மட்டும் பத்து ரூபாய். ஆண்களுக்குக் கீழே கூடம், பெண்களுக்கு மாடி. பாடம் நடத்தும் ஹஜ்ரத் கீழே கரும்பலகையில் எழுதுவது எங்களுக்குத் தெரியாது. குரல் ஒலிபெருக்கி வழியாக வரும். முதல் வாரம் அதுவும் வரவில்லை. மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, கீழிருந்து வரும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டோம். என் பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். முக்கால் மணி நேரம் என்று சொன்ன வகுப்பு இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு வரை நீண்டதும் உண்டு. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது கஷ்டம். இரண்டாம் வாரம் ஒலிபெருக்கியைச் சரிசெய்துவிட்டார்கள். நேரத்தை மட்டும் கடைசிவரை சரிசெய்யவில்லை.

விளக்கத் தாளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரபு மூலத்தோடு, தமிழ் எழுத்தில் உச்சரிப்பும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டாம் வசனத்தில், அநாதையை விரட்டுகிறான் என்று வரும் இடத்தில், ‘யதுஃஉ’ என்று அழுத்தி ஓத வேண்டிய சொல்லை ‘யத்ஊ’ என்று போட்டிருந்தார்கள். அரபியில் ‘யத்ஊ’ என்றால் அழைக்கிறான் என்று பொருள். அநாதையைப் பிடித்துத் தள்ளுகிறவன் அந்தத் தாளில் அநாதையை வாவென்று கூப்பிடுகிறவனாகிவிட்டான்! ஹஜ்ரத் இரண்டாம் வாரம் வந்ததும் முதல் வேலையாக அதைத் திருத்தினார். எல்லோரையும் பேனா எடுக்கச் சொன்னார், அடிக்க வைத்தார், மூன்று முறை சேர்ந்து ஓத வைத்தார். அந்தச் சொல்லில் வரும் ஐன் என்ற அரபு எழுத்துக்குத் தமிழில் ஈடு கிடையாது. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து ஓதுகிறவர்கள் ஒரு முறையாவது ஓதத் தெரிந்தவரிடம் ஓதிக் காட்டிவிடுவது நல்லது.

அந்தத் திருத்தத்திலிருந்தே அன்றைய பாடம் பிறந்தது. ‘யதுஃஉ’ என்பது வெறுமனே ‘இல்லை’ என்று சொல்லி அனுப்புவது அல்ல, நெஞ்சில் கைவைத்து முரட்டுத்தனமாகத் தள்ளுவது. அதே வேர்ச்சொல் ‘தூர்’ அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே தள்ளப்படுகிறவர்கள் மறுமையைப் பொய்யென்று சொன்னவர்கள், தள்ளப்படும் இடம் நரகம். இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து ஓதிவிட்டு ஹஜ்ரத் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மாடியில் யாரும் அசையவில்லை.

மூன்றாம் வசனத்திலும் அப்படியே ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தினார். ஏழைக்கு உணவளிப்பது என்று சொல்லாமல் ‘ஏழையின் உணவு’ என்று வசனம் சொல்கிறது. கொடுக்கும் முன்பே அது அவனுடையது. அதைக் கொடுக்கும்படி அடுத்தவரைத் தூண்டாமல் இருப்பதே குற்றமாகச் சொல்லப்படுகிறது. கையில் ஒன்றும் இல்லாதவருக்கும் தூண்டுவதற்கு வாய் இருக்கிறதே என்றார். இதற்கு முந்தைய அத்தியாயம் ‘குறைஷ்’, அந்தக் குலத்தாரின் பசியைப் போக்கி உணவளித்த இறைவனை வணங்கச் சொல்வது. பசி தீர்க்கப்பட்டவர்களைப் பற்றி ஓதிய வாயால், அடுத்தவர் பசிக்குக் குரல் கொடுக்காதவனைப் பற்றி உடனே ஓதுகிறோம். இந்த வரிசையை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

பின்னணியை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. யாரைக் குறித்து இது இறங்கியது என்பதற்குத் தஃப்ஸீர்களில், அதாவது குர்ஆன் விளக்க நூல்களில், பல பெயர்கள் இருக்கின்றன. மக்காவின் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் என்று ஓர் அறிவிப்பு. அபூசுஃப்யான் இஸ்லாத்துக்கு வருவதற்கு முன் வாரந்தோறும் ஒட்டகம் அறுத்து விருந்து வைப்பார், ஓர் அநாதை வந்து கேட்டபோது தடியால் அடித்தார் என்று இன்னோர் அறிவிப்பு. நபியை எதிர்த்த அபூஜஹ்ல் பெயரும் வருகிறது. எதையும் முடிந்த முடிவாகச் சொல்லாமல், இன்னார் இப்படிச் சொல்கிறார் என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தார். மக்காவில் இறங்கியதா, மதீனாவிலா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. முதல் மூன்று வசனங்கள் மக்காவில், மீதி நான்கு மதீனாவில் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். காட்டுவதற்காகத் தொழுகிறவர்கள் என்று பின்பகுதி பேசுகிறது, வெளியில் மட்டும் முஸ்லிம்களாக நடித்த நயவஞ்சகர்கள் இருந்தது மதீனாவில், அதனால் அப்படிச் சொன்னார்கள் என்று காரணத்தையும் விளக்கினார். கீழே ஒருவர் எழுந்து, எது சரி என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள் ஹஜ்ரத் என்று வற்புறுத்தினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒட்டகம் அறுத்தவர் யாராயிருந்தாலும், இறைச்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நான்காம் வசனம் ‘தொழுகையாளிகளுக்குக் கேடுதான்’ என்று முடிகிறது. அங்கேயே நிறுத்தினால் தொழுதவனுக்கெல்லாம் கேடு என்றாகிவிடும். ஐந்தாவதைச் சேர்த்தால்தான் பொருள் நிறையும். தம் தொழுகையை விட்டும் கவனமற்று இருப்பவர்களைப் பற்றிய பேச்சு அது. தொழுகையில் அல்ல, தொழுகையை விட்டும். இந்த ஒற்றை வேற்றுமைக்காக அல்லாஹ்வைப் புகழ்ந்த முற்காலத்து அறிஞரைப் பற்றித் தஃப்ஸீர்களில் வருகிறது. தொழும்போது மனம் அடுப்பில் வைத்த பாலுக்கு ஓடுவது எல்லோருக்கும் நடப்பது, அதற்கு இந்த எச்சரிக்கை இல்லை. நேரத்தைத் தவறவிட்டு, தொழுகையையே பொருட்டாக எண்ணாமல் இருப்பதற்குத்தான். நபித்தோழர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் அவர்கள் தம் மகன் கேட்டபோது, நேரத்தைப் பாழாக்குவது என்றே விளக்கம் சொன்னார்களாம். மாடியில் பலர் பெருமூச்சு விட்டது கேட்டது. நானும்தான்.

நான்காம் வாரம் முழுவதும் ஒரே சொல்லுக்கு. குர்ஆனில் வேறு எங்கும் வராத சொல் ‘மாஊன்’. அதைக் கொடுக்காமல் தடுத்துக்கொள்கிறார்கள் என்பதோடு அத்தியாயம் முடிகிறது. அன்று கரும்பலகையே இல்லை. மேசையில் ஒரு வாளி, மாவு சலிக்கும் சல்லடை, நூல் கோத்த ஊசி ஆகியவற்றை வைத்திருக்கிறார் என்று கீழேயிருந்து வந்த பிள்ளைகள் சொன்னார்கள். மாஊனில் தலையாயது ஜகாத் என்னும் கட்டாயக் கொடை, கடைக்கோடியில் இருப்பவை சல்லடை, வாளி, ஊசி என்று முற்கால விளக்கவுரையாளர் இக்ரிமா சொன்னதை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். நபித்தோழர் அலீ அவர்கள் ஜகாத் என்றே பொருள் கொண்டதாக அறிவிப்பு உண்டு. இன்னொரு நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவர்கள் சொன்னது அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: நபி காலத்தில் நாங்கள் மாஊன் என்று கருதியது வாளியையும் சமையல் பானையையும் இரவல் கொடுப்பதைத்தான்.

பானை என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோது எனக்கு உடம்பு குப்பென்று வேர்த்துவிட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு பெண் கடைக்கு வந்தார். ஊரிலிருந்து உறவினர் வந்திருக்கிறார்கள் அக்கா, பெரிய இட்லிச் சட்டி ஒன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டார். இருநூறு ரூபாய் முன்பணம் இல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று நாங்கள் வைத்த விதி. அவரிடம் அன்று பணம் இல்லை. இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டேன். சட்டி என் கைக்கு எட்டும் பலகையில்தான் இருந்தது.

அத்தா இருந்தவரை அந்தப் பலகைக்குக் கணக்கே கிடையாது. ஒரு சின்னத் தேக்சா, ஒரு வாளி, ஒரு ஜல்லிக்கரண்டி, அந்த இட்லிச் சட்டி. கடையில் மற்ற எல்லாவற்றிலும் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும், இந்த நான்கில் மட்டும் வெட்டவில்லை. மௌத்தான (சாவு நேர்ந்த) வீட்டுக்கும், தெருவில் யார் கேட்டாலும், எந்த மதத்தவரானாலும், அவை போய்விட்டுத் தானாகத் திரும்பி வரும். தேக்சாவின் அடியில் யார் வீட்டு அடுப்பிலோ பட்ட நெளிவு இன்னும் இருக்கிறது. அத்தா இந்தச் சொல்லுக்கு விளக்கம் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள்தான் கணக்கைச் சீராக்குகிறோம் என்று அந்த நான்கையும் ஏட்டில் ஏற்றினோம்.

ஞாயிறு காலை சட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவர்கள் வேறு யாரிடமோ வாங்கிச் சமைத்து, உறவினரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஏட்டில் நான்கு வரிகளையும் தம்பி அடித்துவிட்டான்.

அடுத்து ‘குறைஷ்’ அத்தியாயம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதுவும் சனிக்கிழமைதான். மதீனா அறிவிப்புகளை இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். இரண்டாம் வாரத்தின் கடைசி இருபது நிமிடம் மிக வேகமாக ஓடியது. பெண்கள் மாடியில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஒலிபெருக்கி நின்றாலும் அங்கே கீழிருந்து குரல் நேராக வருகிறது.