ஆறு கம்பத்துக்கும் ஒரே எர்த் அளவு: டர்ஃப் நடத்துபவர்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

திருச்சி புறநகரில் சின்னதாக ஒரு டர்ஃப் நடத்துகிறேன். கால்பந்து, பாக்ஸ் கிரிக்கெட் ஆட ராத்திரி பதினொரு மணி வரை பையன்கள் வருவார்கள். ஆறு இரும்புக் கம்பங்களில் ஃபிளட்லைட். சுற்றிலும் வலை கட்டிய ஜிஐ பைப்பும் அந்தக் கம்பங்களோடுதான் வெல்டு ஆகியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒருநாள், மழை விட்ட கையோடு ஷூவைக் கழற்றிவிட்டு நின்ற ஒரு பையன் கம்பத்தைப் பிடித்தான். "அண்ணா, ஷாக் அடிக்குது!" ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அதற்கு நாலு மாதம் முன்புதான் எர்த்திங், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கான்ட்ராக்டருக்கு 42,000 ரூபாய் கொடுத்திருந்தேன். சீல் வைத்த ரிப்போர்ட்டும் கையில் இருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். "மழைன்னா கொஞ்சம் விறுவிறுன்னு இருக்கும் சார்" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

உரிமம் உள்ள வேறொரு சூப்பர்வைசரை வரவழைத்தேன். லைட்டைப் போடச் சொல்லிவிட்டு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. லைட்டுகளோ அப்படியே எரிந்துகொண்டிருந்தன! மழையில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று முன்னால் புகார் சொல்லியிருந்தேன். "சரி பண்ணிட்டேன்" என்று அந்த கான்ட்ராக்டர் சொன்னது இதைத்தான். லைட் லைனை ஆர்சிசிபியிலிருந்து பிரித்து நேரே எம்சிபியில் (அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் மட்டும் விழும் சுவிட்ச்) கொடுத்துவிட்டார். உண்மையான கோளாறு, நாலாவது கம்பத்தின் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கியது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எர்த் பைப்பைத் தோண்டினால் மூன்றடியில் முடிந்துவிட்டது. எர்த்திங்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 3043-இன்படி குறைந்தது இரண்டரை மீட்டர், அதாவது எட்டடிக்கு மேல் இருக்க வேண்டும். எர்த்தின் மின்தடையை அளந்தபோது 41 ஓம். இது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இதன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்: 230 வோல்ட் கம்பத்தில் இறங்கினாலும் அந்த எர்த் வழியாக ஓடுவது ஐந்தரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையவே அசையாது. கம்பம் கரண்டோடு நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியில் இருந்திருந்தால் நொடிப்பொழுதில் விழுந்திருக்கும்.

ரிப்போர்ட்டை அப்போதுதான் கவனமாகப் படித்தேன். ஆறு கம்பத்துக்கும் 1.2 ஓம். டிரிப் நேரமும் ஆறு வரியிலும் 22 மில்லி செகண்ட். நிஜமாக அளந்தால் இப்படி ஒரே எண் வராது. அந்த கான்ட்ராக்டர் எர்த் மெகரே (எர்த் மின்தடையை அளக்கும் கருவி) கொண்டுவரவில்லை, கையில் இருந்தது சாதாரண மல்டிமீட்டர். எர்த்தை முறையாக அளக்க வேண்டுமென்றால் தரையில் தள்ளித் தள்ளி இரண்டு ஆணி அடித்து ஒயர் இழுப்பார்கள். அதைப் பார்க்கவில்லையென்றால் அளக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் பட்டன் மட்டும் போதாது. எர்த்தே இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், ஆர்சிசிபி விழுகிறதா என்பதை மட்டும்தான் காட்டும். அதற்கான மீட்டரை வைத்து, 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள்ளும், 150ல் 40க்குள்ளும் விழுகிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் அளவு ஏறும், அதனால் மே மாதத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

புதிதாக இரண்டு எர்த் குழி போட்டாயிற்று. இப்போது கம்பத்துக்குக் கம்பம் அளவு வேறு: 2.8, 3.1, 3.4 ஓம் என்று.

அதே கான்ட்ராக்டர் எங்கள் பகுதியில் இன்னும் இரண்டு இடத்தில் வேலை செய்திருக்கிறார். ஒன்று நீச்சல் குளம். இரண்டு பேருக்கும் போன் செய்து, லைட்டைப் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். குளத்துக்காரர் அன்றைக்கே மெயினை இறக்கிப் பூட்டிவிட்டார்.